புகைபோக்கியைப் படம் எடுத்தவர்

ஜனவரி 18, வியாழன்

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் அருண்பிரசாத்திடம் போக விசா வந்துவிட்டது. வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் அந்த நாட்டுக்கே சட்ட மந்திரி. "தமயந்தி, அங்க ரோட்டுல சத்தமா பேசக்கூடாது. நம்மூருன்னு நெனச்சிக்கினு நடந்தா உள்ள தள்ளிடுவான்." நெய்வேலி அனல்மின் நிலையத்தில் முப்பது வருடமாக ஷிப்ட் பார்ப்பவர். யாருக்காவது உத்தரவு போடாமல் சோறு இறங்காது.

ஜனவரி 27, சனி

மகனுக்கு உயிரான குருமாப் பொடியை அரைத்து டப்பாவில் அடைத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "கசகசா போட்டியா? அங்க அது போதைப்பொருள்டி! பையன் வேலையே போயிடும்." மருமகள் கிருஷ்ணப்ரியாவும் போனில் ஆமாம் என்றாள். பொடி முழுவதும் பக்கத்து குவார்ட்டர்ஸ் திலகவதிக்குப் போனது. இன்று அவள் வீட்டில் குருமா வாசனை. எனக்கு வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். ஏர்போர்ட்டில் என் பெட்டியை ஒருவரும் தொடக்கூட இல்லை!

பிப்ரவரி 9, வெள்ளி

வாசலைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி டீ குடித்தோம். தூரத்தில் புகைபோக்கிகள். இவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. "நம்ம யூனிட் மாதிரியே இருக்கு பாரேன்!" போனை எடுத்து வளைத்து வளைத்துப் படம். ஷிப்ட் குரூப்புக்கு அனுப்பவாம்.

போலீஸ் வந்தது. மின்நிலையத்தைப் படம் எடுப்பது இந்த நாட்டில் குற்றம். அருண் கெஞ்சிக்கொண்டிருக்கிறான் — இந்த மனுஷன் சட்டைப் பையிலிருந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறார்! நெய்வேலி கேட்டில் காட்டினால் வழி விடுவார்கள். இங்கே? வேற்று நாட்டு மின்நிலையத்து ஆள் இவர்கள் மின்நிலையத்தைப் படம் பிடிக்கிறான். வேறென்ன சாட்சி வேண்டும்? வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 10, சனி

இன்னும் விடவில்லை. அருணின் ஆபீசிலும் விசாரித்தார்களாம். கசகசாவால் போகாத வேலை அப்பாவால் போய்விடுமோ? ஊருக்குத்தான் உபதேசம். வாய்விட்டுத் திட்டலாம் என்றால் ஆள் எதிரில் இல்லை. சாப்பிட்டாரோ இல்லையோ. பிரஷர் மாத்திரை என்னிடம் இருக்கிறது. முருகா, எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடு, அப்புறம் திட்டிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 12, திங்கள்

விட்டார்கள். படங்களை அழித்து, எழுதி வாங்கிக்கொண்டு, உடனே நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அருண் வேலை தப்பியது. நான் திட்டவில்லை. ஆள் பாதியாகி நின்றார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நெய்வேலி. கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் கேட்டார்களாம். "நல்ல நாடுங்க. சட்டம்தான் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்" என்றாராம். திலகவதி புருஷன் வந்து சொல்லிச் சிரித்தார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

அடுத்த மாதம் கிருஷ்ணப்ரியாவுக்குப் பிரசவம். அருண் போன் செய்தான். "நீ மட்டும் வாம்மா. அப்பாவுக்கு இனிமே விசா தரமாட்டாங்க." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் எழுந்து போய் என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தார். சட்டம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குழந்தைய போட்டோ எடுத்து அனுப்பு. அத எடுக்கலாம் இல்ல?"

"எடுக்கலாங்க" என்றேன்.