அந்த மெசினுக்குத் தடி இருந்தது

அண்ணை,

இன்று காலை வவுனியாவில் ஒரு கடையில், கிளை அரைக்கும் இயந்திரமொன்றின் வாயருகே இருந்த சிவப்புத் தடியை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தேன். கிளையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த உருளைகள் அந்தக் கணமே நின்றன. மறுபடி ஓடவிடச் சொல்லி, மறுபடி தள்ளினேன்.

"என்னட்டை இருக்கிறது சின்ன ட்ரக்டர். அதுக்குப் பூட்டுற மெசினுக்கும் இந்தத் தடி வருமோ?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ட்ரக்டர் சின்னனோ பெரிசோ அக்கா, இழுக்கிற உருளை இருந்தால் தடியும் இருக்கும். கை மாட்டினால் வேற என்னத்தால நிப்பாட்டுறது?"

மூன்று வருடங்களுக்கு முன் இதே கேள்வியை உங்களிடம் கேட்டிருந்தேன்.

துணுக்காயில் எங்கள் வளவைச் சுற்றி நிற்கும் சீமைக்கிளுவை வேலி மழைக்கு மழை காடாகிவிடும். வெட்டுகிற கிளைகளை எரிக்காமல் அரைத்துத் தென்னைகளுக்குப் போட ஆசைப்பட்டேன். என் கணவர் தவறியபின் ட்ரக்டரை விற்றுவிடு என்று சொந்தக்காரர் எல்லாரும் சொன்னபோது, "ஏன் விக்க? நீ ஓட்டு. பழுதெண்டா நான் இருக்கிறன்" என்றவர் நீங்கள் ஒருவர்தான். ஊருக்கே ட்ரக்டர் திருத்துகிறவர். மெசின் தெரிவு செய்வதென்றால் வேறு யாரிடம் கேட்பேன்?

நான் படத்தில் பார்த்து வைத்திருந்ததற்குத் தடி இருந்தது. நீங்கள் அதைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினீர்கள். "உன்ர ட்ரக்டருக்கு இது பாரம், தங்கச்சி. முன்னம் பாவிச்ச பழசில நல்ல மெசின் ஒண்டு எனக்குத் தெரியும். கொண்டுவாறன்." அடுத்த கிழமை பச்சை வர்ணம் மினுமினுக்க அது வந்து இறங்கியது.

"அண்ணை, இதுக்குத் தடி இல்லையே?"

"இந்த வகைக்கு அது வாறேல்லை. பெரிய ட்ரக்டருக்குப் பூட்டுறதுக்குத்தான் தடி."

நம்பினேன். பிறகு நீங்கள் போட்ட கட்டளையையும் அன்பென்றே எடுத்துக்கொண்டேன். "நான் வராமல் இதைத் தொடக்கூடாது" என்றீர்கள். அரைக்கும் நாளெல்லாம் ட்ரக்டரில் நீங்களே ஏறி இருந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தேநீர் கொடுத்தாலும் இறங்கமாட்டீர்கள்.

ஒரு நாள் கவர்க் கிளையொன்று என் சட்டைக் கையில் கொளுவி இழுத்தது. முழங்கை வரை கை உள்ளே போய்விட்டது. கத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை. ட்ரக்டர் நின்றது. உருளைக்கும் என் விரல்களுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. நீங்கள் சட்டையை வெட்டி என்னை எடுத்துவிட்டு, மண்ணில் குந்தியிருந்து அழுதீர்கள். எனக்கு ஒன்றுமில்லை, ஏன் அண்ணை அழுகிறீர்கள் என்று நான்தான் உங்களைத் தேற்றினேன்.

அதற்குப் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். போன வருடம் மாரடைப்பில் நீங்கள் போனபோது செத்த வீட்டிலும் எழுந்து நின்று சொன்னேன். இந்தக் கை அண்ணை தந்தது என்றேன். சனம் அழுதது.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில், செட்டிகுளத்திலிருக்கும் உங்கள் தம்பி வேலிக்கு நடக் கதியால் கிளை கேட்டு என் வளவுக்கு வந்தான். வலக்கையில் நான்கு விரல்கள் இல்லாதவன். ஏதோ மெசினில் போனது என்று மட்டும் எனக்குத் தெரியும். மெசின் நின்ற கொட்டிலடியில் அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு குனிந்து, மெசினின் வாயோரத்தில் இடக்கை நகத்தால் பச்சை வர்ணத்தைச் சுரண்டினான். உள்ளே பழைய சிவப்பு வர்ணம். தடி இருந்த இடத்தில் வெட்டித் தேய்த்த தழும்பு.

"அக்கா, இது என்ர மெசின்."

நான் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"தடி சும்மா சும்மா பட்டு வேலை நிக்குது எண்டு அண்ணைதான் வெட்டி எடுத்தவர். அடுத்த மாசம் என்ர கை போயிட்டுது. இதை உடைச்சுப் போடுங்கோ, இனி ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு ஆசுப்பத்திரியில கிடந்து சொன்னனான். உடைச்சாச்சு எண்டு சொன்னவர்." என் கைகளைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லைதானே?" என்று கேட்டான்.

அவனுக்கு என் முழங்கைக் கதையைச் சொன்னேன். மறுநாள் பட்டறையில் ஆள் பிடித்து வந்து, எங்கள் இருவர் முன்னிலையிலும் அதைத் துண்டு துண்டாக வெட்டுவித்தோம்.

ஏன் அண்ணை? காசுக்கு என்றால்கூட ஒரு கணக்கில் விளங்கிக்கொள்வேன். ஆனால் நீங்கள் அதைத் தம்பி வாங்கிய விலையில் கால்வாசிக்குத்தான் தந்தீர்கள். தம்பியின் கண்ணில் படாத இடத்துக்கு அது போகவேண்டும், ஆனால் நல்ல மெசினை உடைக்க உங்கள் கை வரவில்லை, அவ்வளவுதானா? ஒரு புதுத் தடி ஒட்டிவிட உங்களுக்கு அரை நாள் போதும். ஒட்டினால், முன்பு வெட்டியது பிழை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றா விட்டீர்கள்? அதற்குப் பதிலாக என் பக்கத்தில் காவல் இருந்தீர்கள். அந்தக் காவலைத்தான் நான் பாசம் என்று நினைத்தேன். அதில் எவ்வளவு பாசம், எவ்வளவு பயம் என்று இனி யாரிடம் கேட்பது?

புது மெசின் நாளை வருகிறது. தடியுள்ளது. என் ட்ரக்டர் அதைத் தாராளமாகத் தாங்கும்.

வெள்ளிக்கிழமைகளில் உங்கள் மனைவி என் வீட்டுக்கு வருகிறா. தம்பியும் நானும் அவவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் ஊர்க்கதை கதைப்பா. பிறகு என் கையைப் பிடித்துத் தடவியபடி, "அண்டைக்கு அவர் எப்பிடி ட்ரக்டரை நிப்பாட்டினவர்? ஒருக்காச் சொல்லு பிள்ளை" என்பா.

சொல்கிறேன், அண்ணை. நீங்கள் கண நேரத்தில் ட்ரக்டரை நிறுத்தியதை, சட்டையை வெட்டியதை, மண்ணில் இருந்து அழுததை எல்லாம் சொல்கிறேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறைவாக எழுந்து போகிறா. அவ வாசல் படலையைத் தாண்டும்வரை நான் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன்.