வெள்ளைக் காரின் அடிப்பக்கம்

ஜூன் 10, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டில். காரில் என் காலடியில் மிதியடி ஈரம். மழையே இல்லை, ஈரம் எங்கிருந்து?

செய்ய வேண்டியது: பத்தாம் வகுப்புக்கு ஆணி, சோதனைக் குழாய். மூக்குக் கண்ணாடிக் கடை. ஆழ்வார்திருநகரிக்கு போன், அம்மாவுக்கு முழங்கால் எப்படி. மெக்கானிக் சகாயத்திடம் ஈரத்தைக் காட்ட.

காலையில் வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்தார். காரை விற்றுவிடலாமாம். பிள்ளை பெங்களூரில், இரண்டு பேருக்கு எதற்குக் கார், கூப்பிட்டால் வாசலில் டாக்ஸி. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நடுரோட்டில் என்னை விட்டதில்லை என்றேன். அதனால்தான் நல்லா இருக்கும்போதே விற்கணும் என்கிறார். விளாத்திகுளத்திலிருந்து ஒருவர் ஞாயிறு வந்து பார்க்கிறாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன்.

அவருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பார். ஆனால் ஞாயிறுதோறும் கழுவுவது அவர்தான். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று தரையில் படுத்து அடிப்பக்கம் முழுக்க ஹோஸ் பிடிப்பார். வாங்கிய நாளிலிருந்து.

ஜூன் 11, புதன்

காற்று. கண்ணில் மண்.

ஆசிரியர் அறையில் கார் பேச்சு. கணக்கு டீச்சர் ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கிறாள், இடது காலுக்கு வேலையே இல்லையாம். தமிழய்யா மைலேஜ் கேட்டார். பி.டி. சார் ரீசேல் அடிபடும் என்றார். அப்புறம் இ.எம்.ஐ., சர்வீஸ், டிக்கியில் எத்தனை பெட்டி பிடிக்கும். அரை மணி நேரம் ஓடியது. ஓட்டப் பிடிச்சிருக்கா என்று ஒருத்தர் கேட்கவில்லை. எனக்கெல்லாம் இடது கால் சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

பத்தாம் வகுப்பு: துருப்பிடித்தல். மூன்று குழாய், மூன்று ஆணி. ஒன்று உலர்ந்தது, ஒன்றில் ஊர்க் குழாயில் வரும் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். உப்பு எடுத்துப்போக மறந்துவிட்டேன். பள்ளி போர்வெல் குழாயிலேயே பிடித்துக்கொண்டேன். நம்ம ஊர்ல தனியா உப்பு எதுக்கு என்றதும் ஒரே சிரிப்பு.

கண்ணாடி இன்றும் மறந்தது.

ஜூன் 14, சனி

வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, காரில் வேம்பார்வரை. மாதத்தில் இரண்டு சனி இப்படித்தான். அங்கே எனக்கு யாரும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. போவேன், திரும்புவேன். வீட்டில் உட்கார முடியவில்லை, பள்ளியில் நிற்க முடியவில்லை. தருவைகுளம் தாண்டி ஐந்தாவது கியர் விழுந்த பிறகுதான் மனசு ஒரு இடத்தில் நிற்கிறது. உப்பள வரப்போரம் இறக்கி நிறுத்தி, பிளாஸ்க் காபி. விற்றுவிட்டால் இது கிடையாது. டாக்ஸிக்காரர் எங்கம்மா என்று கேட்டால் சும்மா என்றா சொல்வது?

திரும்பும்போது வைப்பாறு பக்கம் ஆடு குறுக்கே வந்தது. பிரேக். என் இருக்கை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து இறங்கியது, அடியில் மளுக்கென்று சத்தம். உயிர் போய் வந்தது. உருட்டிக்கொண்டு நேரே சகாயம் பட்டறை.

மிதியடியை எடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அமுக்கினார். அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது. தூக்கிவைத்துப் பார்த்தால் கீழ்ச் சட்டமும் போச்சு. வெல்டிங் பிடிக்கக்கூட இரும்பு மிச்சமில்லை, இனி யாரும் ஓட்டக் கூடாது என்றார். எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்று கேட்டார். போர் தண்ணீர், வாராவாரம், அடிப்பக்கம்கூட விடமாட்டோம் என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"டீச்சர், இங்கன போர் தண்ணின்னா கடல் தண்ணிதானே. கழுவாம போட்டிருந்தியன்னாகூட இன்னும் அஞ்சாறு வருசம் ஓடிருக்கும்."

அந்தத் தண்ணீரைத் தலைக்கு ஊற்ற மாட்டோம். அதில் பருப்பு வேகாது. வாளி விளிம்பெல்லாம் வெள்ளை. எல்லாம் தெரியும். புதன்கிழமை அதையே குழாயில் பிடித்து உப்புத் தண்ணீர் என்று லேபிள் ஒட்டினவள் நான். வீட்டில் பன்னிரண்டு வருஷம் ஜன்னலில் நின்று காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

சாருக்கு நான் சொல்லட்டுமா என்றார் சகாயம். வேண்டாம் என்றேன். வீடுவரைக்கும் மட்டும் என்று அவரே மெதுவாக ஓட்டிவந்து வாசலில் விட்டார். வழியில் பார்த்தேன், கொண்டுவந்து விட்டார் என்று வீட்டில் ஒரு பொய்.

ஜூன் 15, ஞாயிறு

ஆறு மணிக்கே ஹோஸ் சத்தம். ஆள் பார்க்க வருகிறார் என்று இன்று ஷாம்பு வேறு. முதுகு நனைய நனையத் தரையில் படுத்திருந்தார். நிறுத்துங்க என்று வாய்வரை வந்தது. காபி போட உள்ளே திரும்பிவிட்டேன்.

பத்து மணிக்கு விளாத்திகுளத்துக்காரர், மனைவியோடு. டீச்சர் வச்சிருந்த வண்டி, வேற என்ன பாக்கணும் என்றார். மிதியடி கிடந்தால் எதுவும் தெரியாது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், நிஜம். அந்த அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மிதியடியை நானே தூக்கிக் காட்டினேன். காபி குடித்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்கள்.

வீட்டுக்காரர் குனிந்து அந்த ஓட்டையையே பார்த்தார். கழுவிக்கிட்டேதானே இருந்தேன் என்றார். உப்புக் காத்துக்கு யார் என்ன செய்ய முடியும் என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல.

சாயங்காலம் காபி கொடுக்கும்போது:

"ஏளா, இனி வேம்பாருக்கு எப்படிப் போவ?"

எப்படித் தெரியும் என்றேன்.

"சனிக்கிழமை போய்ட்டு வந்தா டயர் இடுக்கெல்லாம் உப்பளத்துச் சேறு. நான்தானே கழுவுதேன். தனியா அம்புட்டு தூரம் ஓட்டுதாளேன்னு பயம், அதான் விக்கச் சொன்னேன். பிரேக்க மிதிக்காம இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போவியான்னு கேக்க நெனச்சேன். கேக்கல."

அழுகை வந்தது. அடுப்பை அணைக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். பழைய இரும்புக் கடைக்கு அவரே பேசினார்.

ஜூன் 16, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அரை நாள் விடுப்பு. இரும்புக் கடை வண்டி ஒன்பது மணிக்கு.

ஆறரைக்கு வாசலில் தண்ணீர் சத்தம். போய்ப் பார்த்தேன். ஹோஸ் சுருட்டியபடி கிடந்தது. சமையலறைக் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செம்பால் மொண்டு மொண்டு காருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர். நேற்றே சகாயத்துக்கு போன் போட்டுக் காரணத்தைக் கேட்டிருக்கிறார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே போய் இரண்டாவது குடத்தைத் தூக்கிவந்தேன்.

குழாயில் நல்ல தண்ணீர் இனி வியாழன்தான். கேன் இரண்டு சொல்ல வேண்டும்.