சூரியனை ஓரத்தில் வைத்த படம்

தம்பிக்கு,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நான் பேசாமல் இருந்ததை நீ கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். உன் அண்ணி அதை வீம்பு என்கிறாள். இரண்டுமே சரிதான். இப்போது எழுதுவதும் சமாதானத்துக்காக அல்ல. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். பேசாமல் இருப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உன் அண்ணிக்கு முழங்கால் வலி. எனக்குச் சர்க்கரை. மொட்டை மாடியிலிருந்து நடு அறைக்குள் மழைநீர் ஒழுகுகிறது. எல்லாவற்றையும் நலம் என்ற கணக்கில் சேர்த்துக்கொள்.

பள்ளிக்கூடம் விட்டபின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வருவதில்லை. எதிரே மேசைமேல் பூகோள உருண்டை இருக்கிறது. அதன் தாங்கி உடைந்தபோது யாரோ பசை போட்டு ஒட்டினார்கள். ஒட்டியவர் ஒழுங்கை விரும்பும் ஆள்போல. சாய்ந்திருக்க வேண்டிய பூமியை நேராக நிமிர்த்தி ஒட்டிவிட்டார். பருவகாலப் பாடம் வரும்போதெல்லாம் நான் அடிப்பாகத்தின் ஒரு பக்கத்தில் சுண்ணக்கட்டிப் பெட்டியைச் செருகிச் சாய்த்துக்கொள்கிறேன். பாடம் முடிந்ததும் பெட்டியை எடுத்துவிட்டால் பூமி மறுபடி நிமிர்ந்துவிடும். என் வேலை முழுவதும் இப்படித்தான் இருக்கிறது.

பாடத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புக்கு நீ குழுத் தலைமை தாங்கி வெளியிட்ட புவியும் விண்வெளியும் புத்தகம் உன்னிடம் ஒரு பிரதியாவது இருக்கும். பருவகாலங்கள் பாடத்தைத் திறந்து அந்தப் பெரிய வண்ணப் படத்தைப் பார். பூமியின் பாதை வெள்ளரிக்காய்போல நீண்டு கிடக்கிறது. சூரியன் நடுவில் இல்லை, ஒரு ஓரத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்கும் பூமிக்குக் கீழே 'கோடை' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. தொலைவில் நிற்கும் பூமிக்குக் கீழே 'குளிர்' என்று நீலத்தில். படிக்கத் தெரியாதவனுக்குக்கூடப் புரியும் படம். புரிவதுதான் தப்பாகப் புரியும்.

அந்தப் பாடத்தை எழுதிக்கொடுத்தபோது நான் உனக்குப் பென்சிலில் போட்டு அனுப்பியது இதுவல்ல. சூரியனை நடுவில்தான் வைத்திருந்தேன். பாதையைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல வரைந்ததால் அது நீள்வட்டமாகத் தெரிந்தது. அதற்காகவே கீழே ஒரு வரி எழுதியிருந்தேன்: 'படம் சாய்வான கோணத்தில் காட்டப்பட்டுள்ளது, உண்மையில் பூமியின் பாதை ஏறக்குறைய வட்டமே.' உங்கள் ஓவியர், எழுத்துகளுக்கு இடம் வேண்டும் என்று சூரியனை நகர்த்தினார். நீ, பக்கத்தில் இடமில்லை என்று அந்த வரியை எடுத்தாய். ஆளுக்கு ஒரு சின்ன வெட்டு. சேர்ந்து ஒரு பொய் ஆகிவிட்டது.

அச்சுக்குப் போகுமுன் நான் தொலைபேசியில் கத்தியது உனக்கு நினைவிருக்கும். நீ நிதானமாகத்தான் பேசினாய். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவன் நீ, கத்துகிறவன் நான். "ஒரு வரிதானேண்ணே? பக்கம் நிரம்பி வழியுது. வாத்தியாருங்க வகுப்புல சொல்லிக்கட்டும். படம் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாய். நல்லாத்தான் இருக்கிறது. நான் ரிசீவரை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

புத்தகம் வந்தபோது முன்னுரையைப் படித்தேன். ஓவியருக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி, மெய்ப்புப் பார்த்தவருக்கு நன்றி. கடைசியில், 'பெயர் குறிப்பிட விரும்பாத சில நண்பர்களுக்கும்' நன்றி. சொந்தக்காரர் பெயர் வந்தால் குழுவில் பேச்சு வரும் என்று பயந்திருப்பாய். புரிகிறது. ஆனால் விரும்பவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? நாலு பாடம் எழுதிக்கொடுத்தவன் வீட்டுக்கு ஒரு பிரதியாவது அனுப்பியிருக்கலாம். கடைக்குப் போய் வாங்கினேன். கடைக்காரர், "பிள்ளைக்கா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதையெல்லாம் மனதுக்குள்ளேயே வைத்து ஓட்டியிருப்பேன். விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் பிடிபட்டேன்.

இந்த ஆண்டு பொதுத்தேர்வில் ஒரு கேள்வி: கோடைக்காலம் ஏன் வெப்பமாக இருக்கிறது? எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பில் இருந்தது இது: 'பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்.' யாரோ உன் படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். படத்துக்கு அடுத்த பக்கத்திலேயே சாய்வைப் பற்றி நான் எழுதிய பத்தி இருக்கிறது. அதைப் புரட்ட யாருக்கு நேரம்?

முகாம் தலைவரிடம் போய்ச் சொன்னேன். கோடையில் நமக்குச் சூரியன் உண்மையில் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது, குளிர்காலத்தில்தான் கிட்டே வருகிறது, அந்த வித்தியாசமும் நூற்றுக்கு மூன்று பங்குதான், பூமி சாய்ந்திருப்பதால் கோடையில் வெயில் செங்குத்தாக விழுகிறது, பகலும் நீள்கிறது, சூடு அதனால்தான் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சார், சூரியன் எங்க இருக்கணும்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு. நீங்க மார்க்கப் போட்டுட்டு டீ குடிக்க வாங்க" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

இடத்துக்கு வந்து திருத்தினேன். கட்டுக் கட்டாக எல்லாரும் அருகில், அருகில், அருகில். குறிப்பின்படி மதிப்பெண் போட்டேன். பிள்ளைகள் என்ன செய்வார்கள், நாம் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு தாள் வந்தது. கையெழுத்து கோழி கிளறியது போல. யாருடையது என்று தெரியாது. என் பள்ளியும் இல்லை, பக்கத்து ஊரும் இல்லை, வேறெங்கோ இருந்து வந்த கட்டு. அதில் எழுதியிருந்தது: 'புத்தகப் படத்தில் உள்ளபடி என்றால் பூமி முழுவதற்கும் ஒரே நேரத்தில் கோடை வர வேண்டும். ஆனால் நமக்குக் கோடை என்றால் தென்பாதிக்குக் குளிர்காலம். ஆகவே படம் தவறாக இருக்கலாம். பூமி சாய்ந்திருப்பதே காரணம். மன்னிக்கவும்.'

மன்னிக்கவும் என்று எழுதியிருந்தது, தம்பி. சரியான விடையை எழுதிவிட்டு.

எங்கோ ஒரு ஊரில் என்னைப்போல ஒரு கிறுக்கு வாத்தியார் சுண்ணக்கட்டிப் பெட்டியைச் செருகிக்கொண்டிருக்கிறாரா, அல்லது அந்தப் பிள்ளை தானாகவே யோசித்ததா, தெரியாது. முழு மதிப்பெண் போட்டேன். அதற்குப் பிறகு சாய்வு என்று எழுதிய ஒவ்வொரு தாளுக்கும் போட்டேன். ஏற்கெனவே திருத்திய கட்டுகளையும் கேட்டு வாங்கித் தேடினேன். மறுபார்வை பார்க்கிறவர் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்காமல் என்ன செய்வார், நான் ஒளித்துச் செய்யவில்லையே.

இப்போது விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. அடுத்த மாதம் விசாரணை. அதற்குமுன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொல்கிறார்கள். வாசகத்தையும் அவர்களே எழுதித் தந்துவிட்டார்கள்: பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் கோடை உண்டாகிறது என்பதே சரியான விடை, அதற்கு மாறாக மதிப்பெண் வழங்கியது என் கவனக்குறைவு, மன்னிக்கவும். அதே சொல். போடாவிட்டால் வேலை போகலாம். போட்டால் அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் மறுபடி திருத்திச் சுழியம் போடுவார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். தோளில் கைபோட்டு, "பூமி கோவிச்சுக்காது சார். கையெழுத்தப் போட்டுட்டு ரிட்டயர் ஆகுற வரைக்கும் நிம்மதியா இருங்க" என்றார். உன் அண்ணி வேறு வழி சொல்கிறாள். "தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும். உங்க நாக்கு என்ன தேஞ்சா போயிடும்?" என்று காலையில் ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை அதுதான்.

நாக்கு தேயாது. ஆனால் நீ யாரையாவது கூப்பிட்டு, அவர் என் அண்ணன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அறிவிப்பு போய்விடும், படம் இருக்கும். தம்பி அதிகாரியாக இருப்பதால் இந்த ஒரு வாத்தியாருக்கு மட்டும் பூமி சாய்ந்திருக்கிறது என்று ஆகிவிடும். அது வேண்டாம். தயவுசெய்து அதைச் செய்யாதே.

கையெழுத்துப் போடவே மாட்டேன் என்று வீரம் பேசவும் எனக்கு வரவில்லை. முன்பு வந்திருக்கும். இப்போது பேனாவை மேசையில் பார்க்கும்போதெல்லாம், போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு என்மேல் பயமாக இருக்கிறது.

மாடி ஒழுகுகிறது என்றேன் அல்லவா. ஒழுகுவது இன்று நேற்றல்ல. மேலே புதுத்தளம் போட வேண்டும் என்று கொத்தனார் சொல்லி நாளாகிவிட்டது. நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். துணி காயப்போடும் கம்பத்தின் நிழல் நுனியில் சின்ன வயதில் நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வானொலியில் பன்னிரண்டு மணி அடிக்கும்போது வைத்த புள்ளிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்; நல்ல பெயின்ட். அப்பா ஏறி வந்து பார்த்துவிட்டு, "என்னடா, மாடிக்கு அம்மை போட்டிருக்கு?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? வருடம் முடிந்தபோது புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்காமல் நீட்டி இழுத்த எட்டுபோல வந்தன. அண்ணனுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று நீ வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நான் உன்னை அடிக்கப்போனேன்.

பிறகு நீதான் நூலகத்தில் எதையோ படித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடி வந்தாய். "கடிகாரம் சரிதாண்ணே. பூமிதான் சாஞ்சிருக்கு!" என்றாய். எட்டின் நீளம் பூமியின் சாய்வால் வந்தது, அதன் ஒரு வளையம் சிறுத்துப்போனதில் பாதை முழு வட்டம் இல்லை என்பதற்கும் ஒரு பங்கு உண்டு என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். என் வாழ்நாளில் நீ என்னைச் சரி என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் எனக்கு ஆறவில்லை. தெரியாதவன் படத்தை மாற்றியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உனக்குத் தெரியும்.

"உங்க எட்டுக்காக நான் வாளி வெச்சுக்கிட்டே சாகணுமா?" என்று உன் அண்ணி கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. கொத்தனாரை அடுத்த மாதம் வரச்சொல்லிவிட்டேன். அதன்பிறகு புள்ளிகள் சிமென்டுக்கு அடியில் போய்விடும். அதற்குமுன் நீ இந்தப் பக்கம் வர வாய்த்தால் பார்க்கலாம். வாய்க்காவிட்டால் ஒன்றுமில்லை.

நான் கேட்பது ஒரு வரி. உன் குழுவின் பெயரில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு பிழைதிருத்தம் போகட்டும்: பூமியின் பாதை ஏறக்குறைய வட்டம், படம் அளவுப்படி அல்ல, பருவகாலங்களுக்குக் காரணம் அச்சின் சாய்வு. விசாரணைக்குமுன் வந்தால் நல்லது. பின்னால் வந்தாலும் வரட்டும். அந்தத் தாள்களைத் திருத்தியவன் வேலையில் இருக்கிறானா என்று பார்க்காமல் அனுப்பு. மன்னிப்புக் கேட்டு எழுதிய அந்தப் பிள்ளைக்கு, அது கேட்டிருக்க வேண்டியதில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். நீ சொன்னால் எல்லா ஊருக்கும் கேட்கும்.

போன வாரம் தொலைக்காட்சியில் ஏதோ விழாவில் உன்னைக் காட்டினார்கள். தாளைப் படிக்கும்போது தலையை இடதுபக்கம் சாய்த்துக்கொள்கிறாய். சின்ன வயதில் கரும்பலகை தெரியாதபோதும் அப்படித்தான் செய்வாய், யாரிடமும் சொல்லமாட்டாய். கண்ணைக் காட்டிக் கண்ணாடியை மாற்று. வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

இனி இதன் கீழே என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். 'உன் அண்ணன்' என்று போட்டால் இது சிபாரிசுக் கடிதம் ஆகிவிடும். பெயரும் பதவியும் போட்டால் குற்றம் சாட்டப்பட்டவனின் மனுவாகக் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மொட்டைக் கடிதங்கள்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டல்லவா? அது உனக்கு வசதி. குப்பைக்கூடையில் போட்டால் உன்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது, நானும் கேட்கமாட்டேன். நீ ஏதாவது செய்தால், அது சரி என்று உனக்குத் தோன்றியதால் மட்டுமே செய்ததாக இருக்கட்டும்.

ஆகவே கையெழுத்துப் போடாமலே உறையில் வைத்து ஒட்டி, வீட்டுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன். யார் எழுதியது என்று யாராவது கேட்டால், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நண்பர் என்று சொல். இந்தமுறை அது உண்மை.