மஞ்சள் டப்பாவும் குளித்த பிள்ளையும்

மச்சான்,

இன்று காலை வீடு முழுக்க ஒரு பழ வாசம். இந்தக் குளிரில் பீர்மேட்டில் ஏது பழம் என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். மருமகள் ஸ்டெல்லா என் பேத்தியைக் குளிப்பாட்டித் துவட்டி நிறுத்தி, மூடியை அமுக்கினால் துப்புகிற ஒரு புட்டியிலிருந்து ரோஸ் கலரில் எதையோ எடுத்து அவள் காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை “எரியுது, எரியுது” என்று குதித்தது. தோலில் பூசுகிற சாமானுக்குப் பழ வாசம் எதற்கு? எதையோ மறைக்கத்தானே வாசம் போடுவார்கள்? அங்கேயே உன் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லாதான் எழுதுகிறாள். அவளுடைய புட்டியைப் பற்றி நான் சொன்னதை அப்படியே எழுதினாளா, மழுப்பிவிட்டாளா, யார் கண்டது? “எல்லாம் எழுதியாச்சு மாமா, மேல சொல்லுங்க” என்கிறாள். சரி, சொல்கிறேன்.

என் சந்தேகப் புத்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது தேயிலை பாக்டரி கேட்டில் எனக்கு வாட்சர் வேலை. வெளியே போகிற ஒவ்வொருவர் பையையும் மடியையும் சோதித்துத்தான் விட வேண்டும். நீ உள்ளே ரோலர் மிஷினுக்குக் கிரீஸ் வைக்கிறவன். சாயங்காலம் நீ வந்து நின்றதும் உன்னையும் தடவிப் பார்ப்பேன்.

“ஏலே, ஒரே லயத்துல அடுத்தடுத்த வீட்டுக்காரன். என்னையுமால தடவுத?” என்பாய்.

“உன்னயத்தான் மொதல்ல பாக்கணும்.”

“அப்ப கக்கத்துலயும் பாரு. மேனேஜர் பங்களாவ அங்கதான் ஒளிச்சு வச்சிருக்கேன்.”

உன் வீட்டுக்காரி காய்ச்சலில் போனபோது பையன் அப்போதுதான் நடை பழகியிருந்தான். அவள் இருந்தவரை அவன் தோலைப் பற்றி யாரும் பேசியதில்லை. அந்த டிசம்பரில்தான் அவன் கால் இரண்டும் வெள்ளை வெள்ளையாகச் செதில் விட்டு வெடித்தது. முட்டிக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவன் பக்கத்தில் உட்கார விடவில்லை. அதற்குப் பிறகுதான் நீ வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவனைக் குளிப்பாட்டுவாய். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்கும். அடுத்து ஒரு டப்பா மூடி திறக்கிற சத்தம்.

அந்த டப்பாதான் வினை. கிரீஸ் வருகிற மஞ்சள் டப்பா. உன் ஜன்னலில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். “மிஷினுக்கு வைக்கிறதத்தான் பிள்ளைக்கும் வைக்கான்” என்று குழாயடியில் பேச்சு. நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்வாய். சொன்னதை நான் நம்ப வேண்டியிருக்கும். கேட்டில் உன்னை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தடவினேன், அவ்வளவுதான்.

பேச்சு மலையிறங்கிக் கம்பம் வரை போனது. உன் வீட்டுக்காரியின் அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று, “தம்பி, தங்கச்சி பிள்ளைய நான் வளத்துக்கிடுதேன். துணிமணிய எடுத்து வையும்” என்றாள். நீ பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாய். உன் முகம் போன போக்கை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். அவனும் போய்விட்டால் அந்த வீட்டுக்குள் நீ எதற்கு நுழைவாய்?

அன்றைக்கு அவளே அவனைக் குளிப்பாட்டினாள். ஆவி பறக்கிற தண்ணீர். பீர்க்கங்கூட்டால் அழுக்குப் போகத் தேய்ப்பு. குளிருக்குப் பயந்து நம் ஊரில் எல்லோரும் செய்வது போலவே அடுப்போரம் நிறுத்தி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, பவுடர் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பையன் கத்த ஆரம்பித்தான். தோல் அப்பளம் மாதிரி இழுத்துக்கொண்டு வெடித்தது. அவள் மடியிலேயே சொறிந்து அவள் சேலையில் ரத்தம்.

மறுநாள் நீ குளிப்பாட்டினாய். கதவைச் சாத்த அவள் விடவில்லை. லயமே வாசலில் நின்றது, நானும்தான். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர். சீக்கிரம் முடித்தாய். பழைய வேட்டியால் தேய்க்காமல் ஒற்றினாய். தோலில் ஈரம் மினுங்கும்போதே மஞ்சள் டப்பாவைத் திறந்து வெள்ளைக் கட்டியாக எதையோ விரலால் வழித்தாய்.

அவள் பாய்ந்து உன் கையைப் பிடித்தாள். “கிரீசு! எல்லாரும் பாத்துக்கிடுங்க, மிஷின் கிரீசு! உபதேசியார வரச்சொல்லுங்க.”

மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வந்தார். நாலு பேர் முன்னால் என்னைத்தான் கேட்டார்: “கேட்டுல நிக்கிறவரு நீருதான. பாக்டரியில இருந்து கிரீசு வெளிய போச்சா?”

“போகல” என்றேன்.

“கூட்டாளிக்குப் பரிஞ்சு பேசுதீரு” என்றாள் அவள்.

“நான் இவன நம்புற ஆளு இல்லம்மா. நம்புனா தடவாம விட்டிருப்பேன். இந்தப் பேச்சு கெளம்புன பெறகு இன்னும் அழுத்தித்தான் தடவுனேன். இவன் துணியில கிரீஸ் கறை உண்டு. கையிலயோ மடியிலயோ ஒரு துளி போனதில்ல. காலி டப்பாவ வேணுங்கறவங்களுக்கு ஸ்டோர்லயே குடுக்காங்க. அத உள்ள வழிச்சுப் பாத்து விட்டதும் நான்தான்.”

அவள் அதையும் நம்பவில்லை. நம்பாததுதான் எனக்குப் பிடித்தது. டப்பாவை வாங்கி அடுப்போரம் வைத்தாள். வெள்ளைக் கட்டி உருகித் தெளிந்து தண்ணீராக நின்றது. முகர்ந்தாள். நாக்கில் தொட்டு வைத்தாள். “தேங்காண்ணெ” என்றாள், யார் மேலோ கோபம் மாதிரி. கம்பத்து வெயிலில் எண்ணெய் உறைந்து அவள் எங்கே பார்த்திருக்கப் போகிறாள்? உறைந்ததைப் பார்த்த எங்களுக்கும் டப்பாவின் நிறம் கண்ணை மறைத்திருந்தது.

“சரி, ஈரத்தோட எதுக்குப் பூசுதீரு? சளி பிடிக்காதா?”

“காயவச்சுப் பூசுனா எண்ண மேல நிக்கும் மதினி, தோலு உள்ள காஞ்சே கெடக்கும். ஈரம் இருக்கையிலயே பூசுனா அது வெளிய போகாது. உங்க தங்கச்சி செஞ்சதப் பாத்ததுதான்.”

தங்கையின் பேச்சு வந்ததும் அவள் டப்பாவை உன் கையில் திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் ஞாயிறு வரை இருந்தாள். ஒவ்வொரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையையே பார்த்தாள். முட்டிக்குப் பின்னால் புண் ஆறி வருவதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் தனியாகப் பஸ் ஏறினாள். ஏறும்போது சொன்னது: “எண்ண சரி. அந்த டப்பாவ மட்டும் தூர எறியும். எவ்வளவு கழுவுனாலும் கிரீசு கிரீசுதான்.” அவள் சொன்னதில் குற்றமில்லை. நீயும் அன்றைக்கே எண்ணெயை எவர்சில்வர் தூக்குக்கு மாற்றினாய்.

நீ வளர்த்த பையன்தான் போன மழையில் உன் சவப்பெட்டியை முன்னால் பிடித்து நடந்தான். குமுளியில் ஜீப் ஓட்டுகிறான். குளிர்காலம் வந்தால் இப்போதும் அவன் தோல் வறளும். அவன் கையில் என்ன பூசுகிறான் என்று நான் கேட்பதில்லை. பார்த்துக்கொள்வேன்.

இன்று சாயங்காலம் ஸ்டெல்லாவின் புட்டியை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டு, நானே பேத்தியைக் கை பொறுக்கிற தண்ணீரில் குளிப்பாட்டினேன். ஒற்றியும் ஒற்றாமலும் எண்ணெயில் கை வைத்தேன். ஸ்டெல்லா கதவருகே நின்றாள்.

“கையக் காட்டுங்க மாமா.”

காட்டினேன். என் உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். இரண்டாவது தடவையும் முகர்ந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை மச்சான். பிள்ளையைப் பெற்றவள் பார்க்கத்தான் செய்வாள்.

பேத்தி குதிக்கவில்லை. நின்று என் மீசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பூசி முடித்து எழப் போனேன்.

“உக்காருங்க” என்றாள் ஸ்டெல்லா. “முட்டிக்குப் பின்னால விட்டுட்டீங்க. ஈரம் காயுமுன்ன பூசுங்க.”