இரண்டு பேர் இருந்த கதை

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அண்ணியும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "டிவியைப் பாரு, கீழே ஓடுற வரி எல்லாம் நான்தான்" என்பாய். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சாயந்திரம் ஏழு மணியானால் அண்ணி நாற்காலியை விட்டு அசைவதில்லை. கோட்டும் டையுமாக உட்கார்ந்து நிகழ்ச்சி நடத்தும் உங்கள் கோட்டுக்காரர் "மக்கள் கேட்கிறார்கள்" என்று ஆரம்பித்ததும் இவளும் கேட்க ஆரம்பித்துவிடுகிறாள், என்னிடம்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் அரசியலுக்கு வந்து ஆறாவது நிமிடம் சண்டையில் முடிகிறது என்று கடிதத்துக்கு மாறினோமே, அது நல்லதாகப் போயிற்று. எழுதும்போது கோபம் வருவதற்குள் கை வலித்துவிடுகிறது.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றியதும், வாசலில் இருக்கும் கரும்பலகையில் ஒரு கோடு போட வேண்டும். எங்கள் நீரேற்று நிலையத்தில் அதுதான் பழக்கம். கோடு இருந்தால் ஊற்றியாயிற்று, இல்லையென்றால் இல்லை. அன்று நான் ஊற்றினேன். சாக்பீஸைக் கையில் எடுத்தபோது இன்ஜினியர் போனில் கூப்பிட்டார். பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன், சாக்பீஸ் சட்டைப் பையில். மதிய ஷிப்ட்டுக்கு மாப்பிள்ளை வந்தார். பலகை காலி. அவரும் ஒரு முறை ஊற்றிவிட்டார்.

மாப்பிள்ளையை உனக்கு நினைவிருக்கிறதா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டவர். பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறார். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தோடு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவர்.

ஊரே ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது என்று புகார். தொட்டியைத் திறந்து வடித்துவிட்டு மறுபடி நிரப்பினோம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்ஜினியர் இரண்டு பேரையும் நிற்க வைத்துத் திட்டினார். வெளியே வந்ததும் மாப்பிள்ளை, "ஊரையே வெள்ளாவி வச்சுட்டோம் அண்ணே" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

*

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரி பயந்துபோனாள். டீ குடிக்கும்போது எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொன்னேன். கோட்டுக்காரர்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அண்ணி எங்கள் நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கு என்னைத் திட்டாதே. நான் திரைக்கு அடியில் ஓடும் வரியை எழுதுகிறவள், அவ்வளவுதான். ஒரு வரிக்கு ஒன்பது சொற்கள், அதற்கு மேல் போனால் கத்துவார்கள். இங்கே நடப்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். கட்சித் தலைவர் காலையில் கூட்டத்தில் என்ன பேசுகிறாரோ அதை நாங்கள் ஏழு மணிக்குக் கேள்வியாகக் கேட்கிறோம். நாங்கள் ஏழு மணிக்குக் கேட்டதை அவர் மறுநாள் காலையில் பதிலாகப் பேசுகிறார். யார் யாருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

தேர்தல் வருகிறது, லீவு கிடையாது. முதுகு வலிக்கிறது. அம்மா இருந்திருந்தால் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே திட்டியிருப்பாள். நீ எழுத்திலேயே திட்டு.

அன்புடன்,
குட்டி

*

மார்ச் 28

அன்புள்ள குட்டிக்கு,

நான்கு நாளாக உங்கள் சேனலில் எங்கள் நீரேற்று நிலையத்தின் கேட்டைக் காட்டுகிறார்கள். "குடிநீரில் இரண்டு முறை கலந்தது யார்? அக்கரைக்காரருக்கு அங்கே என்ன வேலை?" என்று கீழே ஓடுகிறது. அண்ணி முதல் நாள் "ஐயோ பாவம், நம்ம மாப்பிள்ளைதானே" என்றாள். இரண்டாம் நாள் குடத்துத் தண்ணீரை முகர்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் கடையில் தண்ணீர் கேன் வாங்கி வைத்துவிட்டாள். "நம்மோட தண்ணிதானே, நான் அனுப்புற தண்ணிதானே" என்றால், "நீங்க போடுறது சரி, அவரு போடுறதை யாரு பாத்தா" என்கிறாள். அவர் மகளுக்குத் தலை பின்னிவிட்டவள் இவள்.

நேற்றுத் தலைவர் பக்கத்து ஊர்க் கூட்டத்தில், "நம்ம குழந்தைங்க குடிக்கிற தண்ணி யாரு கையில இருக்கு?" என்று கேட்டாராம். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனதாம்.

மாப்பிள்ளை பின்பக்கச் சந்து வழியாக வேலைக்கு வருகிறார். லீவு போடுங்கள் என்றேன். "போட்டா பயந்துட்டேன்னு காட்டுவாங்க அண்ணே" என்கிறார்.

இரண்டு முறை ஊற்றிய விஷயம் எனக்கும் அவருக்கும் இன்ஜினியருக்கும்தான் தெரியும். நான்காவதாக உனக்கு எழுதினேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், அது உன் வழியாகத்தான் போனதா? போயிருந்தால் கோடு போட மறந்தது அவர் இல்லை, நான் என்று அங்கே சொல். ஒன்பது சொற்களுக்குள் அடங்கும்.

அண்ணன்

*

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் வழியாகத்தான் போனது. உன்னிடம் எனக்கு மறைக்கத் தெரியாது.

நான் சிரிப்புக்காகச் சொன்னது. பத்து நாள் கழித்துக் காலைக் கூட்டத்தில் தலைவர் தண்ணீரைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்று செய்தி வந்ததும், கோட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "உங்க அண்ணன் கதை இருக்கே" என்றார். வேண்டாம் சார் என்றேன். "நாம ஒண்ணும் குற்றம் சொல்லலையே, கேள்விதானே கேக்குறோம்" என்றார். கேள்வி கேட்டால் வழக்கு வராது அண்ணா, இங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

ஒன்று மட்டும் செய்தேன். உன்னைப் பற்றிய பேச்சே வராமல் பார்த்துக்கொண்டேன். கதையில் இரண்டு பேர் இருந்தார்கள். உன்னை எடுத்துவிட்டேன். உன் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்ற பாசத்தில்தான் செய்தேன். எடுத்த பிறகு மிச்சம் ஒருவர்தான் இருக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் வேறு விஷயம் வந்துவிடும், இது மறந்துவிடும். எப்போதும் அப்படித்தான். மாப்பிள்ளை அண்ணனைப் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொல். என்மேல் கோபித்துக்கொள்ளாதே.

குட்டி

*

ஏப்ரல் 16

குட்டிக்கு,

மாப்பிள்ளை இறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கூட்டம் முடிந்து கொடியோடு வந்தவர்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். உங்கள் கேமராவும் கூடவே வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன், எங்கள் வீட்டு மின்விசிறியைச் சரிசெய்தவர். "மருந்து போட்டது யாருடா?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளை தொட்டிப் படியில் நின்றுகொண்டிருந்தார். "நான்தான் போட்டேன், ஆனா" என்றார். அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை. சிமெண்ட் விளிம்பில் தலை பட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், கண் திறக்கவில்லை.

நான் பம்ப் அறை வாசலில் நின்றேன். அவருக்கும் எனக்கும் நாலு அடி தூரம். அந்த "ஆனா"வுக்கு அப்புறம் வர வேண்டியதை நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீ என்னைக் கதையிலிருந்து எடுத்தாய், நான் அப்படியே வெளியில் நின்றுகொண்டேன். எனவே உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

அன்று ஏழு மணிக்கு "நெரிசலில் தவறி விழுந்தார் ஊழியர்" என்று ஓடியது. அதையும் நீதான் எழுதினாயா?

துறை விசாரணை மே 9ஆம் தேதி. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் கடிதங்கள் இரண்டையும் கூடவே கொடுத்துவிட்டேன். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டால் நீ அழுவாய், எனக்கு மனசு மாறிவிடும்.

அண்ணன்

*

மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆமாம், அதையும் நான்தான் எழுதினேன். "தவறி" என்ற சொல்லை மட்டும் ஆபீஸ் வக்கீல் போட்டார்.

முதலில் என் அயோக்கியத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் உன் மனுவின் நகலோடு வந்தார். அந்தக் கடிதங்கள் என் கையெழுத்து இல்லை என்று ஒரு தாள் தயாராக வைத்திருந்தார். வேலையில் அலட்சியமாக இருந்த அண்ணன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தங்கை பெயரில் பொய்க் கடிதம் எழுதினான், அப்படித்தான் கொண்டுபோவார்களாம். கோட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன் அண்ணா. உன்னைப் பொய்யன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. யார் என்று கேட்டதும் மாப்பிள்ளை அண்ணன் "நான்தான்" என்றாரே, அது காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. என்னால் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை.

வேலையை நேற்று விட்டுவிட்டேன். 9ஆம் தேதி நானே வருகிறேன். அந்தத் தாள் பொய், கடிதங்கள் நிஜம் என்று சொல்லப்போகிறேன். என்ன வந்தாலும் வரட்டும். வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

குட்டி

*

மே 30

குட்டிக்கு,

நீ வந்தாய், சொன்னாய். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கவனித்திருப்பாய். பக்கத்தில் வந்து நிற்கவும் முடியவில்லை, அதையும் கவனித்திருப்பாய்.

தீர்ப்பு வந்தது. மாப்பிள்ளைமேல் குற்றம் இல்லையாம். எனக்கு வேலை போயிற்று, அது சரிதான். தள்ளியது யார் என்று தெரியவில்லையாம். அவ்வளவு பெரிய கேமரா இருந்தும் தெரியவில்லை.

தலைவர் எங்கள் தொகுதியில் முன்னெப்போதும் இல்லாத வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். வெற்றிக் கூட்டத்தில், தண்ணீரைக் காப்பாற்றிவிட்டோம் என்றாராம். அண்ணியிடம் தீர்ப்பைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்போ டிவியில ஏன் சொல்லலை?" என்றாள்.

மாப்பிள்ளை மனைவியிடம் தீர்ப்பின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். "நீங்களும் உங்க தங்கச்சியும் சொன்னப்போ அந்த ரூம்ல எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டாள். ஏழு பேர் என்றேன். "எங்க தெருவுக்கு யாரு சொல்லுவா அண்ணே? பிள்ளைய பஸ்ல யாரும் பக்கத்துல உட்கார விடமாட்டேங்குறாங்க" என்றாள்.

அதனால் திங்கட்கிழமையிலிருந்து வீடு வீடாகப் போகிறேன். கதவைத் தட்டி, "அன்னைக்குக் கோடு போட மறந்தது நான், அந்த ஆள் இல்லை" என்று சொல்கிறேன். ஓட்டு கேட்டு வந்திருக்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருவர் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் வீட்டில் ஆள் இருந்தும் திறக்கவில்லை.

அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டு, நீயும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வர வேண்டாம் குட்டி. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. நீ பக்கத்தில் நின்றால் என் தங்கை என்றுதான் சொல்ல வரும், நீ என்னை எடுத்த மாதிரி நானும் உன்னை எடுத்துவிட்டுக் கதை சொல்லிவிடுவேன். கொஞ்ச காலம் எழுதவும் வேண்டாம். எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை பதினோரு வீடு ஆயிற்று. ஒரு வீட்டில் மட்டும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள்.

அண்ணன்