பத்திரம் வரும் வரை

மார்ச் 4

வங்கிக்குப் போனேன். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை ஜனவரியிலேயே கட்டியாகிவிட்டது. பாக்கி ஏதுமில்லை என்ற சான்றும் கையில் இருக்கிறது. பத்திரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டியதுதான் என்று கடையில் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன்.

கடன் பிரிவில் இருப்பவர் ஃபைலைக்கூடத் தேடவில்லை. "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க மேடம், மேலே எழுதியிருக்கோம்." அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துப் பார்த்து இது எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது. யார் எதிரில் உட்கார்ந்தாலும் கண் முதலில் ஃபிரேமுக்குத்தான் போகிறது. வீட்டில் அவருக்குக் 'கோணல் கண்ணாடி' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

"குடுத்தாங்களா?" என்று வாசலிலேயே கேட்டார் என் வீட்டுக்காரர். இல்லை என்றேன். "ரெண்டு வாரம்தானே, ஓடிப்போயிடும்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

மார்ச் 7

கொழுந்தனோடு போய்க் கீழ்த்தள வீட்டை மறுபடி பார்த்தேன். வாசலில் ஒரே ஒரு படி. "சிமெண்டுல சரிவு போட்டுடலாம் அண்ணி, ஒரு மத்தியான வேலை" என்றான். டேப்பை நீட்டி எல்லாக் கதவுகளையும் அளந்தான். குளியலறைக் கதவில் மட்டும் சக்கர நாற்காலி நுழையாது. கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டுக்கொள்ளலாம்.

வீடு ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரம்மாவுடையது. "மே மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன். அதுக்கு மேல எம்பையன் சும்மா இருக்க மாட்டான்" என்றார். நல்ல மனுஷி. எங்கள் வீட்டை வாங்க ஒரு நர்ஸும் அவள் கணவனும் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். பத்திரம் வந்தால் இதை விற்று, அதை வாங்கி, எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

எங்களுடையது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது காற்று நன்றாக வருகிறது என்று வாங்கினோம். அப்போது அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவார். பிறகு முதுகுத்தண்டில் கட்டி. ஆபரேஷனில் உயிர் மிஞ்சியது, கால்கள் மிஞ்சவில்லை. இப்போது அவரைக் கீழே இறக்க நான்கு ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் தெருவைத் தொடுகிறார்.

பயிற்சி கொடுக்க வருகிற பெண் போன வாரமும் சொன்னாள்: "கையில தெம்பு இருக்கும்போதே வெளியில தானா தள்ளிப் பழகணும். ஹாலுக்கும் அடுப்படிக்கும் உருட்டினா பத்தாது. விட்டா தோள் இறுகிடும்."

மார்ச் 20

"சிஸ்டம் வேலை செய்யல."

ஏப்ரல் 2

இன்று புதுக் கதை. பத்திரம் கிளையில் இல்லையாம், தலைமை அலுவலகப் பெட்டகத்தில் இருக்கிறதாம். வரவழைக்க ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். மார்ச்சில் எழுதிக் கொடுத்தேனே என்றேன். கோணல் கண்ணாடி மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தார், மூடினார். "அது பழைய மேனேஜர் பேர்ல இருக்கு மேடம். அவங்க மாறிப் போயிட்டாங்க. புது மேனேஜர் பேர்ல எழுதுங்க." எழுதினேன். அதே விஷயம், அதே கை, பெயர் மட்டும் வேறு.

ஏப்ரல் 9

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பிறகு பாட்டு. கடையில் ஒருவருக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டே தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள், தேன் மாதிரிக் குரல். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." அவள் வருந்தி முடிக்குமுன் லைன் போய்விட்டது.

சாயங்காலம் போனில் செய்தி வந்தது: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

வீட்டுக்கு வந்து அவரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "வானத்துல இருக்கிற எல்லாத்தையும் குடுத்துடு" என்றார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 23

பெட்டகத்திலும் இல்லையாம்.

மேனேஜரம்மா அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. "தேடிட்டு இருக்கோம், கிடைச்சிரும். ஆனா எப்பன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு அவசரம்னா ஒரு வழி இருக்கு." வழி இதுதான்: பத்திரத்தை வங்கி என்னிடம் கொடுத்துவிட்டது, நான் தொலைத்துவிட்டேன் என்று நான் எழுதித் தர வேண்டும். போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், பிறகு பதிவு அலுவலகத்தில் நகல். "மூணே வாரம். நாங்க தொலைச்சோம்னு போனா விசாரணை, ஆடிட்டு, அது இதுன்னு ஒரு வருஷம் இழுக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீரைக் குடிக்கவில்லை.

ஏப்ரல் 24

சண்டை. இவ்வளவு வருஷத்தில் இப்படிப் போட்டதில்லை.

கொழுந்தன் என் பக்கம். "எழுதாதீங்க அண்ணி. கையெழுத்துப் போட்டுட்டா நாளைக்கு எல்லாம் உங்க தலைல விழும்." அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "எழுதிக் குடு" என்றார்.

நான் தொலைக்கலையே! இத்தனை வருஷம் ஒரு தவணை தவறலை. அவங்க தொலைச்சுட்டு என்னைத் திருடி மாதிரி எழுதிக் குடுக்கச் சொல்றாங்க, நான் ஏன் எழுதணும்? இதையெல்லாம் கத்தினேன். கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவர் கத்தவில்லை. "உனக்கு உன் நியாயம் முக்கியம். எனக்கு மாடிப்படி. நீ காலையில இறங்கிப் போற, சாயங்காலம் ஏறி வர்ற. நான் எங்க போறேன்? எழுதிக் குடு."



ஏப்ரல் 26

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மே 8

பேப்பரில் வந்துவிட்டது. 'எனது கவனக்குறைவால் தொலைந்துவிட்டது' — கீழே என் பெயரும் அவர் பெயரும். வாசகத்தை வங்கியின் வக்கீல்தான் எழுதினார். விளம்பரச் செலவு மட்டும் என்னுடையது.

கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, செருப்பைத் தொலைப்பாங்க, குடையைத் தொலைப்பாங்க. வீட்டுப் பத்திரத்தைப் போய்த் தொலைப்பாங்களா!" ஆமாம்மா, எனக்கு ஞாபகமறதி என்றேன்.

மே 15

தொலைந்ததாக நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். கூட்டுக் கடன். படிவத்தைக் கொடுங்கள், வீட்டில் வாங்கி வருகிறேன் என்றேன். முடியாதாம். அதிகாரி முன்னால் நேரில்தான். அதிகாரி வீட்டுக்கு வர முடியுமா? அதற்கு விதியில் இடமில்லையாம்.

மே 19

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் கொழுந்தன் பட்டறையிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்தான். அவர் விடியும்போதே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக இருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைச் சாய்த்துச் சாய்த்து இறக்கினார்கள். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா ராசா, நான் கண்ணாடிச் சாமான்" என்று அவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தார். தெருவில் இறங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். மருந்துக்கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை, மூலையில் வெட்டப்பட்ட மரம், எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தார். வங்கி வரை தானே தள்ளிக்கொண்டு போனார். என்னைத் தொட விடவில்லை. வியர்த்து வழிந்தது, முகம் மட்டும் பழைய முகம்.

வங்கி வாசலில் ஆறேழு படிகள், வழுவழுக் கல். சரிவு கிடையாது. நான்கு பேரும் தூக்கலாம் என்று குனிந்தபோது காவலாளி தடுத்தார். "விழுந்து கிழுந்து வெச்சா எம்மேல வரும்."

உள்ளே போய்க் கோணல் கண்ணாடியிடம் சொன்னேன். வாசலில்தான் இருக்கிறார், ஒரு நிமிஷம் வெளியே வாருங்கள். கேமராவுக்கு முன்னால்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். மேனேஜரம்மா கூட்டத்தில் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள்.

கண்ணாடிக் கதவு வழியே அவர் தெரிந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் பேப்பரைத் தலைக்கு மேல் பிடித்திருந்தான். உள்ளே போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்போது ஒரு அம்மாள் — நல்ல எண்ணம்தான், அவள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன் — கைப்பையைத் திறந்து அவர் மடியில் சில்லறை போட்டுவிட்டுப் போனாள்.

அவர் அதைத் தொடவில்லை. கீழே தள்ளவும் இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே கத்த ஆரம்பித்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. மேனேஜரம்மா கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார், வாசலுக்கு வந்தார், படியில் நின்றபடியே குனிந்து கையெழுத்து வாங்கினார். கேமரா விஷயம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

திரும்பும்போது அவர் நாற்காலியைத் தள்ளவில்லை. கொழுந்தன் தள்ளினான்.

மே 30

வாத்தியாரம்மாவிடம் இன்னும் ஒரு மாதம் கேட்டேன். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். குரலிலேயே பதில் இருந்தது.

ஜூன் 6

பத்திரம் கிடைத்துவிட்டது!

வேறு யாருடைய ஃபைலோடோ சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்களாம். கோணல் கண்ணாடியே போன் செய்து சொன்னார், அவர் குரலில்கூடச் சந்தோஷம். கடையிலிருந்து ஓடினேன், கவுண்டரில் நின்றேன். என் கண்ணால் பார்த்தேன், எங்கள் பத்திரம், மூலையில் என் வீட்டுக்காரர் கையெழுத்து. கையை நீட்டினேன்.

"இன்னிக்குத் தர முடியாது மேடம். இதை நீங்க தொலைச்சதா எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப இது எங்ககிட்ட இருக்கு. எப்படி வந்துச்சுன்னு சட்டப் பிரிவு விளக்கம் கேக்கும்."

யாரிடம் விளக்கம் கேட்கும் என்றேன்.

"உங்ககிட்டதான்."

ஜூன் 7

எழுத ஒன்றுமில்லை. அவரிடம் விஷயத்தைக் கொழுந்தன்தான் சொன்னான்.

ஜூன் 18

கீழ்த்தள வீடு கைமாறிவிட்டது. வாத்தியாரம்மா நேரில் வந்து, மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். போனில் சொல்ல மனசு வரவில்லையாம். என் வீட்டுக்காரர் கும்பிட்டு, "நீங்க என்னம்மா செய்வீங்க" என்றார். நர்ஸும் அவள் கணவனும் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜூலை 11

அவர் பால்கனிக்குப் போவதை நிறுத்திவிட்டார். வெயில் என்கிறார். வெயில் இல்லாத நாளிலும் போவதில்லை.

பயிற்சிப் பெண்ணை இனி வரவேண்டாம் என்று அவரே போனில் சொல்லியிருக்கிறார். எனக்கு அவள் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டேன். "எங்க போறதுக்கு இந்தக் கையி?" என்றார்.

நான் அன்று எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால்? அவர்கள் தேடியிருப்பார்களா? தேடாமலே இருந்திருப்பார்களா? இந்தக் கேள்வியோடுதான் லென்ஸ் துடைக்கிறேன், சாப்பிடுகிறேன், படி ஏறுகிறேன். அவரும் இதையே யோசிக்கிறார் என்று தெரியும்.

ஆகஸ்ட் 5

மூன்றாவது விளக்கக் கடிதம் கொடுத்தேன். குறைதீர்ப்பு ஆணையத்துக்கும் ஒன்று அனுப்பினேன். கொழுந்தன் எழுதச் சொன்னபடி, நடந்ததை நடந்தபடியே.

செப்டம்பர் 12

ஆணையத்திலிருந்து வங்கிக்கு ஏதோ போயிருக்க வேண்டும். இன்று பத்திரம் கொடுத்தார்கள். மேனேஜரம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு படம் வேண்டுமாம், கடன் முடித்த வாடிக்கையாளர் என்று. கோணல் கண்ணாடி போனை நீட்டிக்கொண்டு, "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றார்.

சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பத்திரத்தை அவர் மடியில் வைத்தேன். ஒரு பக்கம் புரட்டினார். "அலமாரியில வை" என்றார்.

அக்டோபர் 3

வீடு விலைபோகவில்லை. வந்து பார்க்கிற எல்லோருக்கும் பிடிக்கிறது. பிறகு அவரவர் வங்கியில் விசாரிக்கிறார்கள். தொலைந்ததாகப் பேப்பரில் விளம்பரம் வந்த பத்திரத்துக்குக் கடன் தர மாட்டோம் என்று சொல்லிவிடுகிறார்களாம். விளம்பரத்தை வாபஸ் வாங்க வழி உண்டா என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். அதற்கு ஒரு வழக்கு. வழக்கு எவ்வளவு நாள் போகும் என்றேன், வக்கீல் பேனாவை மூடினார்.

கொழுந்தன்தான் வேறு யோசனை சொன்னான். "இதை வாடகைக்கு விடுங்க அண்ணி. அந்த வாடகையில கீழே ஒரு இடம் பாப்போம்."

நவம்பர் 9

வந்துவிட்டோம். தையல் கடைக்குப் பின்னால் ஒரு அறை, சின்ன அடுப்படி. சுவரில் ஈரம். பாதிச் சாமான் கொழுந்தன் வீட்டில் கிடக்கிறது. வாசல் மட்டம், படியே இல்லை.

நவம்பர் 16

தையற்காரம்மா கேட்டார், "உங்களுக்குச் சொந்த வீடு எதுவும் இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றார் அவர். நான் மறுக்கவில்லை.

நவம்பர் 27

வேலையிலிருந்து வந்தால் அறையில் அவரைக் காணோம். நாற்காலியும் இல்லை. தையற்காரம்மா பார்க்கவில்லை என்றார். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

தெரு திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வீட்டு மதிலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. எவ்வளவு நேரமாக இருந்தாரோ, யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

"இவ்வளவு தூரம்தான் வந்துச்சு" என்றார்.

தள்ளட்டுமா என்றேன்.

"கொஞ்சம் இரு."

நின்றேன். சைக்கிள்கள் போயின. எதிர்வீட்டில் யாரோ விளக்கைப் போட்டார்கள். அவர் கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, தெரு திரும்புகிற அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.