காதில் புதுச் சவ்வு, மூக்கில் தும்மல்

ஜூலை 2, புதன்
காலையிலிருந்து புழுக்கம். நாளை இடது காதில் ஆபரேஷன். இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன்: சவ்வில் ஓட்டை விழுந்தது வண்டிச் சாவியால். வேப்பம்பட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது, காது அரித்தது, சாவி கையில் இருந்தது. பின்னால் வந்தவன் லேசாக முட்டினான். அவ்வளவுதான். வெளியே சொல்லி வைத்திருப்பது: ஃபேக்டரி மெஷின் இரைச்சல். நான் இருப்பதோ ஸ்டோர்ஸ் ஆபீஸில். அங்கே அதிகபட்ச சத்தம் சீலிங் ஃபேன்.

ஜூலை 3, வியாழன்
முடிந்தது. காதுக்குப் பின்னால் வெட்டு இல்லை. காதுத் துளை வழியாகவே கேமரா விட்டு, காதின் முன்னாலிருக்கும் சின்ன மேட்டிலிருந்து துளி சவ்வு எடுத்து ஒட்டு. டாக்டரம்மா கட்டளைகள்:
காதில் தண்ணீர் கூடாது.
மூக்குச் சிந்தக் கூடாது.
தும்மல் வந்தால் வாயை 'ஆ'வென்று திறந்து தும்மணும். அடக்கினால் காற்று காதுக்குள் போய் ஒட்டைத் தள்ளிவிடும். "அப்புறம் மறுபடியும் முதல்லேர்ந்துதான் சார்."

ஜூலை 5, சனி
மச்சினன் குமார் வந்தான். ஆப்பிளும் கையுமாக வந்தவனுக்கு ஏமாற்றம், தலையில் கட்டு இல்லை. "இன்னா மாமா, ஆபரேஷன் பண்ணிக்கினியா, இல்ல டிபன் துன்னுட்டு வந்துட்டியா?"
காதுக்குள் எறும்பு நடை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்க. எதிர்வீட்டுச் சண்டை பாதிதான் கேட்கிறது. தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

ஜூலை 13, ஞாயிறு
மகள் நித்யாவைப் பெண் பார்க்க ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்தார்கள். பையனும் அவளும் ஆறு மாதமாகப் போனில்தான் குடித்தனம். எங்களுக்குத் தெரியாதது போல எல்லோரும் நடிப்பு. பையனின் அப்பா செருமினார். "எங்களுக்கு முழுத் திருப்தி. ஆவணியில நிச்சயதார்த்தத்த..."
அந்த நொடி என் மூக்கில் குறுகுறுப்பு. நல்ல வார்த்தை வரும்போது பெண்ணைப் பெற்றவன் தும்மினால்? மனைவி கலா முறைத்தாள். அவள் பெரியப்பா பெண்ணுக்கு ஒரு தும்மலில்தான் சம்பந்தம் நின்றதாம். இருபது வருடமாகக் கேட்கிறேன்.
டாக்டரம்மா ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கம். மூக்கைப் பிடித்தேன். காதுக்குள் 'டப்'.
"...வச்சுக்கலாம்" என்று முடித்தார். கண்ணில் நீரோடு கைகூப்பினேன். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். நேரே பாத்ரூமுக்கு ஓடி, கண்ணாடியில் காதைப் பார்த்தேன். என்ன தெரியும்? மயிர்தான் தெரிந்தது. அவர்களை வழியனுப்பக்கூட நான் வெளியே வரவில்லை.

ஜூலை 14, திங்கள்
விண்விண் என்கிறது. அல்லது கற்பனை. காதில் வைத்த பஞ்சில் ரத்தம் இல்லை. ஆறு முறை பார்த்தாயிற்று. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து என்னவென்று சொல்ல, "சகுனம் பார்த்தேன் மேடம்" என்றா? கலாவிடமும் மூச்சு விடவில்லை.

ஜூலை 17, வியாழன்
ஆபீஸ். வலது காதைப் பொத்திக்கொண்டு, இடது காதில் ஃபேன் கேட்கிறதா என்று சோதனை. கேட்கவில்லை. ஒட்டு நகராமலிருக்க உள்ளே அடைப்பு வைத்திருக்கிறார்கள், எப்படிக் கேட்கும். இருந்தும் கண்ணை மூடி இன்னொரு முறை பொத்திப் பார்த்தேன். பக்கத்து சீட்: "இன்னா சார், தியானமா?"

ஜூலை 24, வியாழன்
டாக்டரம்மா அடைப்பை எடுத்து, கேமராவில் காட்டினார். ஒட்டு பிடித்துவிட்டது. இளஞ்சிவப்பு. போன உயிர் வந்தது.
பஸ்ஸில் கலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மூக்கைப் பிடித்தது, 'டப்', மகளுக்காகக் காதைப் பணயம் வைத்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டு முடித்தாள்.
"ஐய, நீங்க அப்ப பாத்ரூம்ல இருந்தீங்க. வாசப்படி தாண்டச்சே அந்தச் சம்பந்தி மனுஷனே நாலு தும்மல் போட்டாரு. தூசி அலர்ஜின்னு சிரிச்சிக்கினே கார்ல ஏறிட்டாரு."